கிராஸ்லாண்டின் கேள்வியும் ரீவ்ஸின் வரியும்

தொழிற்கட்சியைச் சேர்ந்த ஆன்டனி கிராஸ்லாண்ட் 1956இல் வெளியிட்ட நூலில் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார்: ஈட்டன், ஹாரோ போன்ற கட்டணப் பள்ளிகளைத் தொடாமல், அரசின் கிராமர் பள்ளிகளை மட்டும் மூடுவது சோஷலிஸ்டுகளுக்கு அடுக்காது. 1965இல் அவரே பிரிட்டனின் கல்வி அமைச்சரானார். பதினொரு வயதில் தேர்வு வைத்துக் கிராமர் பள்ளிக்குப் பிள்ளைகளைப் பிரிக்கும் முறையைக் கைவிடத் திட்டம் தரும்படி உள்ளாட்சிகளுக்கு 10/65 சுற்றறிக்கை போனது. கட்டணப் பள்ளிகளுக்கு ஓர் ஆணையம் மட்டும் போடப்பட்டது. எது கூடாது என்று எழுதினாரோ, அதுவே அவர் கையால் நடந்தது.

அதே தொழிற்கட்சி 2024இல் ஆட்சிக்கு வந்ததும் நேராகக் கட்டணப் பள்ளிகளின் மீதே கை வைத்தது. 2025 ஜனவரி 1 முதல் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி. அந்த வருவாயில் அரசுப் பள்ளிகளுக்கு 6,500 ஆசிரியர்கள் என்றார் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ். துணிச்சலில் இந்த அரசு முந்தியது. நோக்கத்தின் ஆழத்தில் கிராஸ்லாண்ட் காலத்து அரசுதான் முன்னே நிற்கிறது.

கிராஸ்லாண்ட் அமைத்த நியூசம் ஆணையம் 1968இல் சொன்னது இதுதான்: விடுதிப் பள்ளிகளில் பாதி இடங்களாவது அரசு உதவிபெறும் பிள்ளைகளுக்குப் போகவேண்டும். யாருடைய பிள்ளை யாருடைய பிள்ளையோடு ஒரே அறையில் வளர்கிறது என்பதே அங்கே கேள்வி. ஹைகேட் என்ற கட்டணப் பள்ளியில் படித்த கிராஸ்லாண்டுக்கும், அதுபோன்ற வின்செஸ்டரில் படித்த அவருடைய சக அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மனுக்கும் அந்தப் பள்ளிகள் உண்மையில் எதைக் கொடுக்கின்றன என்பது உள்ளிருந்தே தெரியும். பாடத்தைவிட, பேச்சுத் தோரணையும், வாழ்நாள் முழுதும் கைகொடுக்கும் நட்பு வட்டமும்தான் அங்கே விலைபோகின்றன. தனியார் பள்ளியில் படிப்போர் 7 சதவீதம்தான். மூத்த நீதிபதிகளிலோ 65 சதவீதத்தினர் அங்கே படித்தவர்கள் என்று 2019இல் கணக்கிட்டார்கள். பணத்தை மட்டும் பார்த்தால் இந்த இடைவெளி விளங்காது. ஆனால் நியூசம் அறிக்கை அலமாரிக்குப் போனது.

அதன்பின் நடந்தது இன்னும் வேதனை. எழுபதுகளின் நடுவில் தொழிற்கட்சி சில கிராமர் பள்ளிகளுக்கு அரசு தந்துவந்த நேரடி மானியத்தை நிறுத்தியபோது, மான்செஸ்டர் கிராமர் பள்ளி போன்றவை அரசோடு சேராமல் தனியாருக்குத் தாவின. தனியார் துறைதான் பெருத்தது. கருவி செய்யும் தொழிலாளியின் மகனான கியர் ஸ்டார்மர் சேர்ந்த ரைகேட் கிராமர் பள்ளியும் அவர் படித்துக்கொண்டிருந்தபோதே, 1976இல், கட்டணப் பள்ளியாயிற்று.

அந்த ஸ்டார்மர் பிரதமராகி 2024இல் அமைத்த அமைச்சரவையில் ஏறக்குறைய எல்லோரும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்ற அவர்களின் அவசரம் நியாயமானது. இந்த வரியை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அது யாரைத் தொடுகிறது? ஈட்டன் கட்டணம் வரியோடு ஆண்டுக்குச் சுமார் 63,000 பவுண்டு ஆனது. அதைக் கட்டும் குடும்பங்களில் பெரும்பாலானவை தொடர்ந்து கட்டும். இரண்டு சம்பளத்தை இழுத்துப்பிடித்துச் சிற்றூர்ப் பகல்பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்குத்தான் மூச்சுமுட்டுகிறது. கன்சர்வேட்டிவ் கட்சி அவர்களுக்காகப் பேசுகிறது. ஆனால் அக்கட்சியின் தாட்சர் 1980இல் கொண்டுவந்த உதவியிடத் திட்டம்கூட, கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரை அரசுப் பள்ளியிலிருந்து பொறுக்கித் தனியார் பள்ளிக்கு எடுத்துப் போனதே தவிர, மிச்சம் இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தனியார் பள்ளிகளை அரசுத் துறையோடு இணைக்க 2019இல் பிரைட்டன் மாநாட்டில் தொழிற்கட்சி தீர்மானமே போட்டது. சில வாரங்களில் வந்த தேர்தல் அறிக்கையில் அது பெரும்பாலும் வரிச்சலுகை நீக்கமாகச் சுருங்கியது. இன்று வாட் இருக்கிறது. ஈட்டன் சட்டப்படி இன்னும் அறக்கட்டளைதான், யாரைச் சேர்ப்பது என்பதும் அதன் கையில்தான். வரியை நிறைவேற்றத் தெம்பிருந்த அரசு, நியூசம் கேட்ட அந்தப் பாதி இடங்களையும் கேட்கவேண்டும்.