டென்னியலின் ஆலிஸ் ஓவியங்கள்

ஆங்கிலேய எழுத்தாளர் லூயிஸ் கரோலின் இரண்டு சிறார் நூல்களுக்காக ஜான் டென்னியல் (1820–1914) வரைந்த 92 கறுப்பு வெள்ளைப் படங்கள். 1865இல் அச்சான ‘ஆலிஸின் அற்புத உலகம்’ நூலில் 42 படங்களும், 1871 இறுதியில் வெளிவந்த ‘கண்ணாடி வழியே ஆலிஸ்’ நூலில் 50 படங்களும் உள்ளன. இவற்றை வரையச் சொன்னவரும் அதற்குப் பணம் கொடுத்தவரும் நூலாசிரியரே. மாக்மில்லன் நிறுவனம் பதிப்பித்தாலும் செலவு கரோலுடையது. முதல் நூலின் படங்களுக்காக டென்னியலுக்கு 138 பவுண்டு தந்தார். இவ்விருவருக்கும் இடையே திருத்தங்கள் ஒரே திசையில் போகவில்லை. எழுதியவர் படத்தைத் திருத்தினார், வரைந்தவர் எழுத்தைத் திருத்தினார்.

கரோல் என்பது புனைபெயர். சார்லஸ் டாட்சன் என்ற இயற்பெயருடைய அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். ஆலிஸ் லிடெல் என்னும் சிறுமிக்குத் தன் கையாலேயே எழுதி 1864 நவம்பரில் பரிசளித்த முதல் வடிவத்துக்கு அவரே 37 படங்கள் வரைந்திருந்தார். கோடுகளில் பயிற்சியின்மை தெரிந்தாலும், காட்சி மனத்தில் தெளிவாக இருந்தவரின் படங்கள் அவை. அதே ஆண்டு ஏப்ரலில், ‘பஞ்ச்’ இதழின் அரசியல் கேலிச்சித்திரங்களால் புகழ்பெற்றிருந்த டென்னியல் வரைய ஒப்புக்கொண்டார். வளர்ந்து பெருத்து அறைக்குள் நெருக்குண்டு கிடக்கும் ஆலிஸ் போன்ற படங்களில் கரோலின் அமைப்பு அப்படியே தெரிகிறது. ஆனால் அவர் வரைந்த, கூந்தல் அலைபாயும் கனவுமுகச் சிறுமியை டென்னியல் ஏற்கவில்லை. மேலங்கி கட்டிய, நேராக நிற்கும், சற்றே கடுகடுத்த ஆலிஸ் அவருடையவள்.

மரக்கட்டையும் திருத்தமும்

அக்காலத் திருத்தத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள, படம் அச்சேறிய விதம் தெரிய வேண்டும். டென்னியல் காகிதத்தில் பென்சிலால் வரைவார். படம் இடவலம் மாறி மரக்கட்டையின் வழுவழுப்பான முகத்துக்கு மாற்றப்படும். டால்சீல் சகோதரர்களின் பட்டறையில், கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி வெள்ளைப் பகுதிகளைச் செதுக்கி எடுப்பார்கள். பிறகு கட்டையில் மை தடவி ஒரு மாதிரி அச்சு. அதன் மேல் டென்னியல் வெள்ளைப் பூச்சால் குறிப்பார்: இந்தக் கோட்டை மெலிதாக்கு, இந்த நிழலை எடு. கோட்டை நீக்குவது எளிது. மரத்தை இன்னும் கொஞ்சம் சீவினால் போதும். இல்லாத கோட்டைச் சேர்ப்பதுதான் பாடு. செதுக்கிய இடத்தைக் குடைந்தெடுத்து, புதிய மரத்துண்டு ஒன்றைப் பிசிறின்றிப் பொருத்தி, அதில் மறுபடி செதுக்க வேண்டும். இரண்டாம் நூலில் அரசியான ஆலிஸின் பாவாடை முதலில் சதுரங்கக் காயைப் போல வளையம் வளையமாக உப்பியிருந்தது. உப்பிய பாவாடை கரோலுக்குப் பிடிக்காதது. அந்தப் படங்களில் ஆடைப் பகுதி மட்டும் இப்படித்தான் மாற்றப்பட்டது.

கரோல் நுணுக்கம் பார்ப்பவர். படம் எந்த வரியை ஒட்டி வர வேண்டும் என்பதுகூட அவருக்கு முக்கியம். ஆலிஸ் கண்ணாடிக்குள் நுழையும் படத்தைத் தாளின் ஒரு பக்கத்திலும், மறுபுறம் வெளிவரும் படத்தை அதே தாளின் பின்பக்கத்திலும் காணலாம்; தாளே கண்ணாடியாகிறது. நூலாசிரியரும் ஓவியரும் அச்சுக்கோப்பவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டால் மட்டுமே இப்படி அமையும்.

எல்லாக் கோரிக்கையும் நிறைவேறிவிடவில்லை. இரண்டாம் நூலில் வரும் வெள்ளைக் குதிரைவீரன் முதியவனாகத் தெரியக் கூடாது, முகத்தில் மீசை கிருதா கூடாது என்று கரோல் கேட்டார். அச்சான படத்தில் இருப்பதோ வழுக்கைத் தலையும் தொங்கு மீசையும் கொண்ட கிழவன். அந்தக் கிழவனின் வாட்டமே அக்காட்சிக்கு உயிர் தருகிறது; ஓவியர் விட்டுக்கொடுக்காதது நல்லதாயிற்று. அந்தப் படமே நூலின் முகப்புக்கும் வந்தது. முதலில் அங்கே இருக்க வேண்டியது ஜாபர்வாக் என்னும் கொடிய விலங்கு. குழந்தைகள் மிரண்டுவிடுவார்களோ என்று அஞ்சிய கரோல், படத்தின் அச்சுப்படியைச் சுமார் முப்பது தாய்மாருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்: முகப்பிலேயே வைக்கலாமா, உள்ளே தள்ளலாமா, எடுத்தேவிடலாமா? விலங்கு உள்ளே போயிற்று.

எழுத்தைத் திருத்திய ஓவியர்

1870 ஜூன் 1 அன்று டென்னியல் எழுதிய கடிதம் புத்தகப் படங்களின் வரலாற்றில் தனியிடம் பெற வேண்டியது. ரயில் பெட்டி தாவும் காட்சியில் ஒரு கிழவியின் தலைமுடியை ஆலிஸ் பற்றிக்கொள்வதாக இருந்தது. பக்கத்திலிருக்கும் ஆட்டின் தாடியைப் பிடிக்கட்டுமே என்றார் அவர். கிழவி கதையை விட்டே போனாள். அதே கடிதத்தில், பொய்முடி வைத்த குளவி வரும் பகுதி தன்னைச் சற்றும் ஈர்க்கவில்லை, அதை வரைய வழியே தெரியவில்லை, நூலைச் சுருக்க வேண்டுமானால் இதுவே இடம் என்றும் எழுதினார். பணம் கொடுப்பவர் அதைக் கேட்டு நடந்தார். நீக்கப்பட்ட பகுதியின் அச்சுத்தாள்கள் 1974இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன, 1977இல் நூலாயின.

அச்சின் தரத்திலும் ஓவியரின் சொல் எடுபட்டது. 1865இல் முதல் நூல் ஆக்ஸ்ஃபோர்டில் 2,000 படிகள் அச்சாகியிருந்த நிலையில், படங்கள் பதிந்த விதம் சரியில்லை என்றார் டென்னியல். கரோல் மொத்தத்தையும் நிறுத்தி, கொடுத்துவிட்ட படிகளைத் திரும்பக் கேட்டு வாங்கி, வேறு அச்சகத்தில் தன் செலவில் மறுபடி அச்சிட்டார். ஒதுக்கப்பட்ட தாள்கள் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டன. ஆசிரியர் வேலையில் வாழ்ந்த ஒருவர், பிறருடைய கோடுகளின் மானத்துக்காக ஏற்ற இழப்பு இது.

ஆயினும் உறவில் கசப்பு இல்லாமல் இல்லை. இரண்டாம் நூலுக்கு டென்னியல் முதலில் மறுத்ததால் கரோல் வேறு ஓவியர்களை நாடிவிட்டுத் திரும்பினார். மாதிரிச் சிறுமியை எதிரே அமர்த்தி வரைய டென்னியல் மறுத்ததையும், அதனால் ஆலிஸின் தலை பெரிதாகவும் பாதம் சிறிதாகவும் அமைந்துவிட்டதாகத் தாம் கருதியதையும் கரோல் 1892இல்கூட எழுதியிருக்கிறார்.

கடைசித் திருத்தம் வண்ணத்தில் வந்தது. மழலையருக்கான பதிப்புக்காக முதல் நூலின் 20 படங்களை டென்னியல் பெரிதாக்கி வண்ணமிட்டார். ஆலிஸுக்கு மஞ்சள் ஆடை. 1889இல் எட்மண்ட் எவான்ஸ் அச்சிட்ட 10,000 படிகளைக் கண்ட கரோல், நிறங்கள் கண்ணைப் பறிக்கின்றன என்று நிராகரித்தார். மென்மையான நிறங்களோடு நூல் 1890இல் வெளிவந்தது.