கண்ணாடிக்குள் ஒரு குளம்

திருக்கடையூர் என்றதும் வாசகர்களுக்கு அறுபதாம் கல்யாணமும் அபிராமி சந்நிதியும் நினைவுக்கு வரும். மார்க்கண்டேயனுக்காக ஈசன் யமனை உதைத்த தலம் அல்லவா? அப்படிப்பட்ட ஊரில், பன்னிரண்டாவது வயதில், நான் யமனுக்குக் கையாளாக இருந்தேன்.

மாமா மாயவரத்திலிருந்து கண்ணாடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்துக்கு ஒரு தொட்டி. அடியும் நான்கு பக்கமுமாக ஐந்து துண்டுகளைச் சிலிக்கோன் பசையால் ஒட்டி, அதன் புளித்த நெடி அடங்கும்வரை காயவைத்தோம். பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கசிகிறதா என்று பார்த்தோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. வாய்க்காலில் பிடித்த ஆறு பனையேறிக் கெண்டைகளை அதில் விட்டேன். பொல்லாத மீன் அது. துள்ளி வெளியே போய்விடும். ஆகவே தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மேலே இன்னொரு கண்ணாடியை இடைவெளி இல்லாமல் மூடி, அதன்மேல் இரண்டு செங்கல்லையும் ஏற்றினேன்.

காலையில் ஆறும் மல்லாந்து கிடந்தன.

அப்பாயி வந்து பார்த்தாள். "ஏண்டா, அதுக்கு மூச்சு விட இடம் வேணாமா?" என்றாள்.

மீனுக்குத் தண்ணீர்தானே மூச்சு என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டியவள் அவள்தான் என்பது பல வருஷங்களுக்குப் பிறகே தெரிந்தது.

எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. 1620 முதல் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த துறைமுகம். 1771-ல் அங்கே வந்து சேர்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், நம் கடலிலும் ஆற்றிலும் கிடைத்த மீன்களைச் சேகரித்து, பெர்லினில் வைத்தியராக இருந்த பிளாக் என்ற மீன் ஆராய்ச்சியாளருக்கு அனுப்பினார். அந்த நன்றிக்காகப் பிளாக் ஒரு மீன் இனத்துக்கே 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார். அதே தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், 1791-ல் ஒரு பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797-ல் அச்சிட்டது.

அது மெய்யாகவே மரம் ஏறுமா என்று அறிஞர்கள் வெகுகாலம் சர்ச்சை செய்தார்கள். ஆனால் செவுள் மூடியின் முட்களை ஊன்றி, ஈரத்தரையில் நகர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும் என்பதில் சந்தேகமே இல்லை. செவுளுக்கு மேலே அதற்கு மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கி, அந்த உறுப்பினால் சுவாசிக்கிறது. சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்த பிரான்சிஸ் டே, 1860-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். இப்படிக் காற்றைச் சுவாசிக்கும் மீன்களை மேலே வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று கண்டார். அவர் அறிந்து செய்ததை நான் அறியாமல் செய்திருந்தேன்.

டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது 1845-ல். அதே வருஷம் இங்கிலாந்தில் கண்ணாடி வரி நீங்கியது, கண்ணாடி மலிந்தது. உயிருள்ள மீனைப் பக்கவாட்டில் பார்க்கும் ஆசையும் வீடுகளுக்குள் நுழைந்தது. ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் ரசாயன நிபுணர், பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும், வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டதும் தெளிந்தது. செடி மீனுக்குப் பிராணவாயு தர, மீன் செடிக்கு உரம் தர, நத்தை குப்பை கூட்ட, கணக்கு நேரானது. இதை 1850-ல் ரசாயன சங்கத்துக்குத் தெரிவித்தார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று ஒரு கண்ணாடி மாளிகையே எழும்பியது. அன்றைய தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்திப் பட்டி பூசியவை. சட்டம் துருப்பிடிக்கும், மூலை கசியும். 1970-களில் சிலிக்கோன் பசை பரவிய பிறகுதான், மாமாவைப் போன்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்தே தொட்டி கட்ட முடிந்தது.

வாரிங்டனின் பன்னிரண்டு காலன் என்பது சுமார் ஐம்பத்தைந்து லிட்டர். எங்கள் தொட்டியும் ஏறக்குறைய அவ்வளவுதான் கொள்ளும். வித்தியாசம் ஒன்றுண்டு. அவர் பாதிவரைதான் தண்ணீர் ஊற்றியிருந்தார். மேலே மூடியது மெல்லிய மஸ்லின் துணி. லண்டனின் புகைக்கரி உள்ளே விழக் கூடாது, ஆனால் காற்று தடைப்படவும் கூடாது என்பது அவர் ஏற்பாடு.

சென்ற வருஷம் அதே அளவில் ஒரு தொட்டி கட்டினேன். மேலே ஆறு விரற்கடை காலியாக விட்டுக் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறேன். செடி உண்டு, நத்தை உண்டு, இரண்டு பனையேறிகளும் உண்டு. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை மேலே வந்து 'களுக்'கென்று காற்றை விழுங்கிவிட்டுப் போகின்றன. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பாயி பக்கத்தில் நின்று கேட்பது போலவே இருக்கிறது. இப்போது நான் சிரிப்பதில்லை.