வகுப்பில் எல்லோருக்கும் ஓர் அட்டை

அமெரிக்காவில் பேரப்பிள்ளைகள் இருக்கும் நம்மவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பிப்ரவரி பிறந்ததும் பல பள்ளிகளிலிருந்து வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வீட்டுக்கு வரும். 14-ஆம் தேதி வாலண்டைன் அட்டை கொண்டுவருவதானால் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் யாருக்குமே வேண்டாம். காதலர் தினத்துக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ஆச்சரியம். அதன் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹவ்லண்ட் என்று ஒரு பெண். அப்பாவுக்குக் காகிதம், எழுதுபொருள் வியாபாரம். 1847-இல் கல்லூரிப் படிப்பை முடித்தவர், இங்கிலாந்திலிருந்து வந்த அழகான வாலண்டைன் அட்டையைப் பார்த்துத் தானும் செய்யத் தொடங்கினார். தோழிகளை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒருவர் படம் வெட்ட, அடுத்தவர் ஒட்ட என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். வியாபாரம் பெருகியது. ஆனால் அவை பெரியவர்களுக்கான அட்டைகள்.

பிறகு அச்சு மலிந்தது. ஒரு சென்டுக்கே அட்டை கிடைத்தபோது அது குழந்தைகள் கைக்கு வந்தது. வகுப்பறையில் தபால்பெட்டி போலத் துளை போட்ட ஓர் அட்டைப்பெட்டியை அலங்கரித்து வைப்பார்கள். பிள்ளைகள் தமக்குப் பிடித்தவர்களுக்கு எழுதிப் போடுவார்கள். ஆசிரியர் பெயர் சொல்லி எடுத்துக் கொடுப்பார். சில பிள்ளைகளின் மேசையில் அட்டைகள் குவியும். சிலர் பெயர் வரவே வராது.

அந்த வலியை 1975-இல் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூன் காட்டியது. ஓர் அட்டையாவது வருமா என்று காத்திருந்த சார்லி பிரவுனுக்கு ஒன்றும் வரவில்லை. பார்த்த குழந்தைகள் மனம் பொறுக்காமல் அவனுக்கு அட்டைகள் அனுப்பினார்களாம்!

இதையெல்லாம் படித்த பின்தான் அந்தப் பட்டியலின் அருமை விளங்கியது. என் பேத்தி ஒரு பெயரில் பென்சிலை நிறுத்தி, "தாத்தா, இவன் என்னைத் தள்ளிவிடுவான். இவனுக்கு வேண்டாம்" என்றாள். என் மகள் அடுப்படியிலிருந்தே, "லிஸ்ட்ல பேர் இருக்கா? எழுது" என்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினாள். 14-ஆம் தேதி மாலை பையைக் கொட்டினால் அவன் கொடுத்த அட்டையும் அதில் இருந்தது. அவன் வீட்டிலும் யாராவது அதட்டியிருப்பார்கள்!

பேரப்பிள்ளைகளுக்காக நீங்கள் கடைக்குப் போனால் பென்சில், அழிப்பான், ஸ்டிக்கர் போதும். விலை முக்கியமில்லை, எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். வேர்க்கடலை போன்றவை சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை தரும் என்பதால் பல பள்ளிகளில் மிட்டாய் வேண்டாம் என்கிறார்கள். இரண்டு மூன்று கூடுதலாகவே வாங்கி வையுங்கள். பட்டியல் வந்த பிறகு புதிதாக ஒரு பிள்ளை வகுப்பில் சேர்ந்திருக்கலாம்.