பாணமையில் ஒரு மரணம், பல்லேகலையில் ஒரு பதிவு

இறக்காமத்துக்குக் கடல் இல்லை, குளமும் வயலும்தான். ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கரையோர ஊர்களோடு கொள்வினை கொடுப்பினை உள்ள ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊருக்கும் சொந்தத் துக்கம்தான். இலங்கையில் அன்று அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம்.

"வரலாற்றிலேயே கண்டதில்லை" என்றோம். கண்டிருக்கிறோம். 1883 ஆகஸ்ட் 27இல் கிரகட்டோவா எரிமலை வெடித்து எழுந்த அலை, இதே மாவட்டத்துப் பாணமையில் ஒரு பெண்ணைப் பலிகொண்டதாகப் பதிவு இருக்கிறது. ஒரே உயிர் என்பதாலோ என்னவோ, 121 ஆண்டுகளில் கரை அதை மறந்துபோனது.

2004இல் சுமாத்திராவுக்கு அருகே கடலடி குலுங்கியபோது இலங்கை நேரம் காலை 6.58. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் இருந்த நிலநடுக்கமானி அதைப் பதிந்தது. ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை மையத்துக்கும் தெரிந்தது. இந்து சமுத்திரக் கரைகளுக்குச் சொல்லத்தான் ஏற்பாடு இருக்கவில்லை. அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆனது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தே தப்பியிருக்கலாம்.

"கடல் உள்வாங்கினால் ஓடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நல்லதுதான், ஆனால் போதாது. அன்று நிலநடுக்கப் பிளவின் மேற்குப் பக்கம் கடல்தரை உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் வற்றியது; நம் பக்கம் ஏறிக்கொண்டே வந்தது. இங்கே வற்றியது அதன் பிறகுதான். தூரம் அதிகமென்பதால் நில அதிர்வும் இங்கு பெரும்பாலானோருக்குத் தெரியவில்லை. ஆக, இயற்கையின் அடையாளத்துக்குக் காத்திருப்பது நமக்கு ஆபத்து. மனிதர் சொல்லும் செய்தி வந்து சேர வேண்டும்.

அதற்கென்றே 2005இல் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. கரையோரம் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11இல் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கடல்தரை பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. "சும்மா ஓடவிட்டார்கள்" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த ஓட்டம் வீணில்லை என்பேன். அதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது.

கோபுரம் பழுதாகலாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊருக்கு ஊர் இருக்கிறது. நள்ளிரவில் அறிவித்தல் வந்தால் மைக்கைப் போடுபவர் யார், சாவி யாரிடம் என்பதைக் கரையோர நிர்வாகங்கள் இன்றே தீர்மானிக்கட்டும். கரையிலிருந்து ஓடி வருகிறவர்களுக்கு எந்தப் பாடசாலையைத் திறப்பது என்பதை இறக்காமம் தீர்மானிக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.