பாலாறு கடல் சேரும் பாலம்

ஆகஸ்டுத் திங்கள் முடியும் தறுவாயில் வாலாஜாபேட்டை, இராணிப்பேட்டை, ஆர்க்காடு, ஆம்பூர் வட்டாரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறோம். 29ஆம் நாள் கொடியேற்றம். செப்டம்பர் 8 அன்னையின் பிறப்புப் பெருவிழா. அந்நாள்களில் போக இயலாதோர் கோடை விடுமுறையில் செல்வர். 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை சீரமைக்கப்பட்டபின், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரத்தை அடைந்து, அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே செல்வதைப் பலரும் விரும்புகின்றனர். இடப்புறம் கடல், இடையிடையே சவுக்குத் தோப்புகள், மரக்காணத்தை நெருங்கினால் வெண்மையாய் விரியும் உப்பளங்கள். கடலைக் காணாத உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது பெருங்கொண்டாட்டம்.

இவ்வழகில் மகிழ்வது நன்றே. ஆயினும், கல்பாக்கத்தைத் தாண்டியதும் வரும் ஒரு நீண்ட பாலத்தை நாம் கவனியாமலே கடந்துவிடுகிறோம். வயலூர் அருகே அப்பாலத்தின் கீழ்க் கடலை நோக்கிக் கிடப்பது நமது பாலாறு. கருநாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, 348 கிலோமீட்டர் நடந்து, நம் ஊர்களின் ஓரமாய் வந்த அதே ஆறு இங்கேதான் கடலில் கலக்கிறது. நாம் சாலை வழியே வந்த தொலைவை அது மணல் வழியே வந்திருக்கிறது.

இம்முகத்துவாரத்தின் வரலாறு நெடியது. அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் 1970ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில், உரோமானிய வணிகத்தோடு தொடர்புடைய கூம்புவடிவ மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. கடல் கடந்து வந்த சரக்கு இவ்விடத்தில் இறங்கிற்று என்பதற்கு அவை சான்று. வயலூரில் இராசசிம்ம பல்லவனின் கல்வெட்டு, தூண் ஒன்றில் அவனது முன்னோரின் பெயர்வரிசையைத் தாங்கி நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இதற்கு வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தனர். அவர்கள் நாடிவந்தது நம் நெசவாளரின் மெல்லிய துணியை. அவர்தம் கோட்டையும் கல்லறைகளும் இன்றும் உள்ளன.

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய நம் நகரும் துணியாலும் வாணிபத்தாலும் வளர்ந்ததே. 1856 சூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து இன்றைய வாலாஜா ரோடு நிலையம் வரை ஓடியது. 1866இல் சென்னை மாகாணத்தின் முதல் நகராட்சி என்னும் பெருமையும் வாலாஜாபேட்டைக்குக் கிட்டியது. சரக்கெல்லாம் இருப்புப்பாதை வழியே சென்னைத் துறைமுகத்தை நாடிற்று. சதுரங்கப்பட்டினம் போன்ற பழைய துறைகள் ஒளி குன்றின. ஆற்றின் கடைக்கோடி நம் நினைவிலிருந்து நழுவியது.

நாம் மறந்தாலும் ஆறு மறக்கவில்லை. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல்தொழில், பின்னர் குரோமியம் முதலிய இரசாயனங்களுக்கு மாறிற்று. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவை என்றும், தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்றும், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு எடுத்துரைத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கிலே, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது. ஆறு பொறுத்துக்கொண்ட துயரிலிருந்து நாடு முழுமைக்கும் ஒரு நீதி பிறந்தது.

தோல்தொழிலை வெறுமனே பழித்துவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. நம் பங்கு மக்களில் எத்தனையோ பேரின் உலை அதனால் கொதிக்கிறது. வேளாங்கண்ணிக்குப் போகும் வண்டியின் வாடகையும், அன்னைக்கு வைக்கும் காணிக்கையும் பல வீடுகளில் அந்தக் கூலியே. அதே வேளையில், பாலாற்றங்கரைப் பங்குகளில் குழந்தையின் தலையில் ஊற்றும் திருமுழுக்கு நீரும் இந்த ஆற்றின் ஊற்றே. கூலியும் வேண்டும், ஊற்றும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடச் சொல்வோரிடம் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஆற்றின் கடைசிப் பகுதியிலும் மக்கள் உண்டு. கல்பாக்கத்தாரின் நன்னீருக்கு ஆதாரம் இதே ஆற்றுப்படுகைதான்.

எசேக்கியேல் 47ஆம் அதிகாரம் இங்கே நம் நினைவுக்கு வருகிறது. ஆலயத்தின் வாயிலருகே சிறிதாய்க் கசியும் நீர், போகப் போக ஆறாகி, உவர்க்கடலைச் சேர்ந்து அதனையே நலமாக்குகிறது. மீன்கள் பெருகுகின்றன, வலைஞர் கரையில் வலை உலர்த்துகின்றனர். இறைவாக்கினர் கண்ட ஆறு கடலுக்கு உயிரைக் கொண்டுபோனது. நாம் நம் ஆற்றின் வழியே எதைக் கொடுத்தனுப்புகிறோம்? 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடல், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரித்துக் கேட்கலாகாது என்று கற்பித்ததும் இதுபற்றியே.

ஆகவே, அடுத்த முறை குடும்பத்தோடு அவ்வழியே செல்கையில், பாலத்தைக் கடந்ததும் பாதுகாப்பான இடத்தில் வண்டியைச் சற்றே நிறுத்துவோம். இது நம் ஊர் ஆறு என்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம். 2021 நவம்பரில் இது கரைபுரண்டு ஓடியதையும், பல ஆண்டுகளில் வெறும் மணலாய்க் கிடப்பதையும் சொல்வோம். வேளாங்கண்ணியில் நாம் தேடிச் செல்பவள் ஆரோக்கிய அன்னை. நம் நோய்க்கு அவளிடம் நலம் கேட்கும்போது, வழியில் கண்ட ஆற்றின் நலத்தையும் சேர்த்துக் கேட்போம். ஊர் திரும்பியபின் அதற்காக நாம் செய்ய வேண்டியதையும் செய்வோம்.