தினமணி கைமாறிய கதை

பாரதி நினைவு நாளான 1934 செப்டம்பர் 11 அன்று சென்னையில் தினமணியின் முதல் இதழ் வந்தது. தொடங்கியவர் எஸ். சதானந்த். வெள்ளைக்கார நிறுவனமான ராய்ட்டரை நம்பியே இந்தியச் செய்தியை இந்தியர் படிக்க வேண்டியிருந்த காலத்தில், ஃப்ரீ பிரஸ் என்ற சுதேசிச் செய்தி நிறுவனத்தை நடத்தியவர் அவர். அரசின் ஜாமீன் தொகையும் கடனும் கழுத்தை நெரிக்கவே, அவரிடமிருந்த இந்தியன் எக்ஸ்பிரஸும் தினமணியும் ராம்நாத் கோயங்காவிடம் போயின.

முதலாளி மாறியும் பத்திரிகையின் குரல் மாறவில்லை. காரணம், ஆசிரியர் நாற்காலியில் இருந்த தென்காசி டி.எஸ். சொக்கலிங்கம். 'காந்தி' பத்திரிகையை நடத்தியவர். 'மணிக்கொடி'யைத் தொடங்கிய மூவரில் ஒருவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவருக்கும் விளங்கும் தமிழில் அரசியல் எழுதினார். ஏ.என். சிவராமனும் புதுமைப்பித்தனும் அவரோடு வேலை பார்த்தார்கள். அப்படி ஓர் ஆசிரியர் குழு தமிழ் நாளேட்டுக்கு மறுபடி வாய்த்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1940-ல் அலுவலகம் தீப்பிடித்து எரிந்தது. போட்டிப் பத்திரிகையான தி இந்து கைகொடுத்தது. மவுண்ட் ரோட்டில் மீண்டும் அச்சு ஓடியது.

பிறகு 1942 ஆகஸ்ட். 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியதும் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். போராட்டச் செய்தி எதுவும் தணிக்கையைத் தாண்டாமல் வரக் கூடாது என்றது அரசு. அரசின் ஊதுகுழலாக இருப்பதைவிட மூடிவிடலாம் என்று கோயங்கா எக்ஸ்பிரஸையும் தினமணியையும் நிறுத்தினார். வருமானத்தை இழந்து எடுத்த முடிவு அது. அதற்காக அவரை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

ஆனால், அரசுக்கு வளையாத அந்த முதலாளிக்கும் ஆசிரியருக்கும் ஒத்துப்போகவில்லை. பத்திரிகை மறுபடி வரத் தொடங்கி, போர் முடியுமுன்பே, 1943-ல் சொக்கலிங்கம் வெளியேறினார். புதுமைப்பித்தன் உள்ளிட்ட சகாக்களும் கூடவே கிளம்பினார்கள். 1944-ல் 'தினசரி' பிறந்தது. தினமணி என்ற பெயரும் இயந்திரமும் ஏஜெண்டுகளும் கோயங்காவிடம். அதற்குப் பெயர் வாங்கித் தந்த பேனா தினசரியில். என் மனம் பேனாவின் பக்கமே நிற்கிறது. ஆனால் காகிதமும் முதலும் இல்லாமல் பேனா எத்தனை நாள் தாங்கும்? தினசரி நிலைக்கவில்லை. புதுமைப்பித்தன் சினிமாவுக்குப் போய், 1948-ல் காசநோயில் இறந்தார். சொக்கலிங்கம் வேறு பத்திரிகைகளை நடத்திப் பார்த்தார். டால்ஸ்டாயின் நாவலைப் 'போரும் வாழ்வும்' என்று தமிழுக்குத் தந்தார்.

தினமணி ஆசிரியராகச் சிவராமன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, பொருளாதாரத்தையும் அறிவியலையும் தமிழில் புரியவைத்தார். கோயங்கா 1991-ல் மறைந்தபின் சொத்து பிரிந்தது. தென்னகப் பதிப்புகளோடு தினமணி இன்னொரு கைக்குப் போனது. பத்திரிகை அலுவலகமான எக்ஸ்பிரஸ் எஸ்டேட் இருந்த இடத்தில் இன்று எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகம். தினமணி அம்பத்தூரில் அச்சாகிறது.

தினமணி பிழைத்துக்கொண்டது. எனக்குக் கவலை தினசரியைப் பற்றித்தான். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருவிலேயே பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். பரணில் கிடக்கும் காகிதக் கட்டுகள் எடைக்குப் போகின்றன. உங்கள் தாத்தா சேர்த்துவைத்த கட்டில் 'தினசரி' இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அங்கே கொடுங்கள்.