காட்டேஜ் பையும் ரேஷன் புத்தகமும்

இங்கிலாந்து வீடுகளில் சுலபமாகச் செய்யும் இரவுச் சாப்பாடுகளில் ஒன்று காட்டேஜ் பை. மாட்டுக் கொத்துக்கறியை வெங்காயம், கேரட்டுடன் வேகவைத்து, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி, ஓவனில் சிவக்க வைத்தால் தயார். ஆட்டுக்கறியில் செய்தால் ஷெப்பர்ட்ஸ் பை.

காட்டேஜ் என்றால் எளியவர்களின் சிறு வீடு. 1791-லேயே இந்தப் பெயர் எழுத்தில் இருக்கிறது. ஞாயிறு சமைத்து மிஞ்சிய கறியைத் திங்களன்று கொத்தி இப்படிச் செய்வது பழைய வழக்கம்.

இந்த உணவின் அருமை இரண்டாம் உலகப்போரில்தான் தெரிந்தது. 1940 மார்ச்சில் இறைச்சிக்கும் ரேஷன் வந்தது. அதுவும் எடைக் கணக்கில் இல்லை, விலைக் கணக்கில்! பெரியவர்களுக்கு வாரத்துக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸுக்கான கறி. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதில் பாதி. பின்னர் இதுவும் குறைக்கப்பட்டது.

நல்ல துண்டாக வாங்கினால் கொஞ்சம்தான் கிடைக்கும். மலிவான, நார் மிகுந்த துண்டு என்றால் அதே காசுக்கு அதிகம் வரும். மெல்லக் கடினமான அந்தக் கறியை இல்லத்தரசிகள் அரைத்து, ஓட்ஸும் காய்கறியும் சேர்த்துப் பெருக்கினார்கள். போர் நடந்த ஆண்டுகளில் உருளைக்கிழங்குக்கு ரேஷன் இல்லை. எனவே கறி குறைந்தாலும் கிழங்கைக் கூட்டி எல்லோர் தட்டையும் நிரப்ப முடிந்தது.

போர் 1945-ல் முடிந்தது. இறைச்சி ரேஷன் முடிந்ததோ 1954 ஜூலை 4-ல்! போரில் வென்ற நாட்டு மக்கள் அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் கறிக்கடையில் ரேஷன் புத்தகத்தை நீட்டினார்கள். போர் வரலாறு படிக்கும்போது அந்த அடுப்படிகளையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.